சென்னையில் இருந்தபடியே ஐரோப்பிய ஆய்வுக்குழுக்களோடு சேர்ந்து வேலை செய்வது எப்படி: முழு வழிகாட்டி

ஐரோப்பாவில் ஓர் ஆய்வுக்குழுவோடு சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்று சென்னையில் யாராவது சொன்னால், அடுத்த கேள்வி பெரும்பாலும் “எந்த ஃபெலோஷிப்புக்கு அப்ளை பண்ணலாம்?” என்பதாகத்தான் இருக்கிறது. என் கணக்கில் அது ஏழாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. பணம் தரும் திட்டங்களில் பெரும்பாலானவை ஏற்கெனவே பேசிப் பழகிய இரண்டு பேரைத் தேடித்தான் போகின்றன. அந்தப் பக்கத்தில் ஒருவருடைய சம்மதக் கடிதம் இல்லாமல் பல விண்ணப்பங்களை அனுப்பவே முடியாது. ஆகவே முதலில் ஆள், அப்புறம் ஒரு சின்ன வேலை, அதற்குப் பிறகு பணம். இந்த வழிகாட்டி அந்த வரிசையில் போகிறது.

சென்னைப் பல்கலைக்கழகம், அண்ணா பல்கலைக்கழகம், நகரத்தின் கலை அறிவியல் கல்லூரிகள் இவற்றில் முனைவர் பட்டம் செய்கிறவர்களையும், புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன். ஐஐடிக்காரர்களுக்கு வெளிநாட்டு உறவைக் கவனிக்கத் தனி அலுவலகமே இருக்கிறது. அவர்கள் நான்காம் படியிலிருந்து படித்தால் போதும்.

படி 1: உங்கள் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

2023 ஜூனில், பிரபஞ்சம் முழுக்க மெல்ல அதிர்ந்துகொண்டிருக்கும் ஈர்ப்பலைகளுக்கான தடயம் கிடைத்ததாகச் செய்தி வந்தது. பல்சார் விண்மீன்களின் துடிப்பை ஆண்டுக்கணக்கில் அளந்து செய்த வேலை அது. ஐரோப்பியக் குழுவிடம் சுமார் 25 ஆண்டுத் தரவு இருந்தது. அவர்களோடு சேர்ந்த இந்தியக் குழுவிடம் இருந்தது மூன்றரை ஆண்டுத் தரவுதான். ஆனால் அது புணே அருகே உள்ள ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கியில் குறைந்த அதிர்வெண்ணில் எடுத்தது. விண்வெளியில் இருக்கும் எலெக்ட்ரான்கள் துடிப்பைத் தாமதப்படுத்தும். அந்தத் தாமதத்தைக் கழிப்பதற்குக் குறைந்த அதிர்வெண் தரவு ரொம்ப உதவும். தரமணி கணித அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்தவர்களும் அந்த இந்தியக் குழுவில் உண்டு. 25 ஆண்டு வைத்திருந்தவர்கள் மூன்றரை ஆண்டு வைத்திருந்தவர்களைச் சேர்த்துக்கொண்டதற்குக் காரணம் தயவு தாட்சண்யம் இல்லை. அவர்களிடம் இல்லாத ஒன்று இங்கே இருந்தது.

தமிழ், வரலாறு, சமூகவியல் பக்கம் இருப்பவர்களுக்கு இது இன்னும் எளிது. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் மதபோதகர் சீகன்பால்கும் அவருக்குப் பின் வந்தவர்களும் அனுப்பிய கடிதங்களும் ஓலைச்சுவடிகளும் ஜெர்மனியின் ஹாலே நகரத்து ஃப்ராங்கே நிறுவனத்தில் இருக்கின்றன. சோழர் காலத்து ஆனைமங்கலம் செப்பேடுகள் நெதர்லாந்தின் லெய்டனுக்குப் போனதால் லெய்டன் செப்பேடுகள் என்றே பெயர் வாங்கிவிட்டன. பாரிஸ் தேசிய நூலகத்தில் தமிழ்ச் சுவடித் தொகுப்பு இருக்கிறது. இந்தப் பக்கம் அரசு கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகம், தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். ஒரே நூலின் ஒரு பிரதி அங்கே, இன்னொரு பிரதி இங்கே. இரண்டையும் ஒப்பிட இரண்டு இடத்திலும் ஆள் வேண்டும். ஹாம்பர்க் பல்கலைக்கழகமும் புதுச்சேரியில் இருக்கும் பிரெஞ்சு தூரகிழக்கு ஆய்வுப் பள்ளியும் சேர்ந்து செய்த சங்க இலக்கியச் சுவடி ஆய்வுகள் இப்படித்தான் நடந்தன.

அறிவியல் பக்கம் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம், வடகிழக்குப் பருவமழை, எண்ணூர்க் கழிமுகம், தோல் தொழிற்சாலைக் கழிவுநீர் என்று ஐரோப்பாவில் கிடைக்காத களங்கள் பஸ் ஏறிப் போகிற தூரத்தில் இருக்கின்றன. ஆக, முதல் வேலை இதுதான். அரைப் பக்கத்தில் எழுதுங்கள்: என்னிடம் உள்ள தரவு அல்லது ஆவணம் எது, அதை வேறு யாரால் எளிதாக எடுக்க முடியாது, அதில் நான் ஏற்கெனவே செய்து முடித்தது என்ன. இந்த அரைப் பக்கம் தேறவில்லை என்றால் ஆறு மாதம் பொறுத்திருந்து, தரவைச் சேர்த்துவிட்டு வருவது மேல்.

படி 2: பெயரை ஒழுங்கு செய்யுங்கள்

சின்ன விஷயம்தான், ஆனால் தமிழர்களுக்கு என்றே வந்த தொல்லை. ஒருவர் பெயர் கே. செல்வி என்று வையுங்கள். முதல் கட்டுரையில் செல்வி கே, இரண்டாவதில் கே செல்வி, மூன்றாவதில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி செல்வி கண்ணன். அதாவது அப்பா பெயர் குடும்பப் பெயராக ஏறிவிட்டது. மேற்கோள் தரவுத்தளங்களுக்கு இவர்கள் மூன்று பேர். ஐரோப்பியப் படிவம் எல்லாவற்றிலும் குடும்பப் பெயர்க் கட்டம் கட்டாயம். அதில் ஒற்றை எழுத்தைப் போட்டால் சில தளங்கள் ஏற்காது.

இதற்கு ஒரே வழி, பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அதையே எல்லாக் கட்டுரையிலும் வைத்துக்கொள்வது. அதோடு ஆர்க்கிட் எண் வாங்கிவிடுங்கள். 2012 முதல் இருக்கும் இந்த 16 இலக்க அடையாளம் இலவசம், ஐந்து நிமிட வேலை. பழைய கட்டுரைகள் எந்தப் பெயர் வடிவத்தில் இருந்தாலும் அதன் கீழே சேர்த்துவிடலாம். கல்லூரி மின்னஞ்சல் முகவரி தந்திருந்தால் அதிலிருந்தே எழுதுங்கள். தரவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள். பிறந்த ஆண்டும் செல்லப்பெயரும் சேர்ந்த ஜிமெயில் முகவரி வேண்டாம்.

படி 3: சரியான ஆளைத் தேடுங்கள்

முதலில் நீங்கள் அடிக்கடி மேற்கோள் காட்டும் கட்டுரைகளை எடுங்கள். கட்டுரையை வாங்க வழியில்லை என்று இப்போது சொல்ல முடியாது. 2025 ஜனவரி முதல் நடக்கும் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் மத்திய, மாநில அரசு நிறுவனங்களுக்குச் சுமார் 13,000 இதழ்கள் திறந்திருக்கின்றன. சுயநிதிக் கல்லூரியில் இருப்பவர்கள் அரசுப் பல்கலைக்கழக நூலகத்துக்கு ஒரு நடை போய்வர வேண்டும்.

கட்டுரையின் கடைசிப் பெயர் பெரும்பாலும் குழுத்தலைவர். அவருக்கு நாள்தோறும் வரும் கடிதங்களில் உங்களுடையது மூழ்கிவிடும். முதல் பெயராக இருப்பவர் முனைவர் மாணவராகவோ போஸ்ட்டாக்காகவோ (பட்டத்துக்குப் பின் ஆய்வு செய்கிறவர்) இருப்பார். தரவைக் கையால் தொட்டவர் அவர்தான். பதிலும் அவரிடமிருந்துதான் சீக்கிரம் வரும். இன்றைய போஸ்ட்டாக் ஐந்தாறு வருஷத்தில் தனிக்குழு வைத்திருக்கவும் கூடும்.

அடுத்து கார்டிஸ் தளம். ஐரோப்பிய ஒன்றியம் பணம் கொடுத்த எல்லா ஆய்வுத் திட்டமும் அதில் இருக்கும். எவ்வளவு தொகை, யார் யார் கூட்டாளி, எப்போது முடிகிறது எல்லாம் தெரியும். உங்கள் துறைச் சொல்லைப் போட்டுத் தேடி, தொடங்கி ஓரிரு வருஷம் ஆன திட்டங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். முடியப்போகும் திட்டத்தில் யாருக்கும் உங்களைக் கவனிக்க நேரம் இருக்காது.

ஆசிய ஆய்வுகள் பக்கம் இருப்பவர்களுக்கு லெய்டனில் 1993-இல் தொடங்கிய ஆசிய ஆய்வுகளுக்கான பன்னாட்டு நிறுவனம் இருக்கிறது. ஆசிய அறிஞர்களின் பன்னாட்டு மாநாட்டை நடத்துவதும் அவர்களே. ஐரோப்பாவில் மட்டுமல்ல, ஆசிய நகரங்களிலும் அது நடக்கும். சென்னைக்காரருக்கு அது டிக்கெட் செலவில் பெரிய வித்தியாசம். ஹைடல்பெர்கின் தெற்காசிய நிறுவனத்தையும் கீழைமொழிகளைக் கற்பிக்கும் பாரிஸின் இனால்கோவையும் கவனித்து வாருங்கள்.

வெளியே தேடுமுன் உள்ளூரையும் பாருங்கள். சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதவியல் கழகத்தில் பிரான்சின் தேசிய அறிவியல் ஆய்வு மையமான சிஎன்ஆர்எஸ்ஸோடு சேர்ந்த ரிலாக்ஸ் என்ற கணினி அறிவியல் ஆய்வகம் நடக்கிறது. ஐஐடி மெட்ராஸில் 2010 முதல் நிலைத்தன்மைக்கான இந்தோ-ஜெர்மன் மையம் இருக்கிறது. புதுச்சேரியில் 1955 முதல் பிரெஞ்சு நிறுவனம் இருக்கிறது. இங்கெல்லாம் வெளியாட்கள் வந்து பேசும் கருத்தரங்குகள் நடக்கும். அறிவிப்பைப் பார்த்துப் போய் உட்காருங்கள், கேள்வி கேளுங்கள். டீ இடைவேளையில் பேசிய பத்து நிமிடத்துக்கு இருக்கும் பலன் பத்து மின்னஞ்சலுக்கு இருக்காது.

படி 4: கடிதம்

நம் கல்லூரிகளில் பழகிய கடித நடை அங்கே வேலைக்கு ஆகாது. ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்று தொடங்கி, சொந்த ஊர், மதிப்பெண், கிடைத்த விருதுகள் என்று ஒரு பக்கம் போய், கடைசியில் ‘தங்கள் ஆய்வகத்தில் ஓர் இடம் தந்து உதவ வேண்டும்’ என்று முடியும். பெறுகிறவர் பெண்ணாக இருந்தால் முதல் வரியிலேயே கதை முடிந்தது. அதே கடிதம் நாற்பது பேருக்குப் போயிருக்கிறது என்பதும் படிக்கிறவருக்குத் தெரிந்துவிடும்.

இடம் கேட்காதீர்கள். ஒரு வேலையை முன்வையுங்கள். ஆங்கிலத்தில்தான் எழுதப்போகிறீர்கள் என்றாலும் சாரம் இப்படி இருக்கட்டும்:

“அன்புள்ள முனைவர் அவர்களுக்கு, சதுப்புநில மீத்தேன் பற்றிய உங்கள் கட்டுரையின் கடைசிப் பகுதியில், வெப்பமண்டல நகர்ப்புறச் சதுப்பிலிருந்து தொடர் அளவீடு கிடைக்காததால் உங்கள் கணக்கீட்டு மாதிரியை அங்கே சோதிக்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சென்னைப் பள்ளிக்கரணையில் இரண்டு மழைக்காலம் வாரம் ஒருமுறை எடுத்த அளவீடுகள் என்னிடம் உள்ளன. ஒரு மாதத்துத் தரவையும் எடுத்த முறையையும் இணைத்துள்ளேன். உங்கள் மாதிரியை இதில் ஓட்டிப் பார்ப்பதில் ஆர்வம் இருந்தால் இருபது நிமிடம் பேசலாமா? செவ்வாய் அல்லது வியாழன், உங்கள் நேரம் காலை பத்து மணி எனக்குத் தோதுப்படும்.”

அவ்வளவுதான். ஃபோன் திரையை ஒருமுறை தள்ளினால் முடிந்துவிட வேண்டும். இந்தக் கடிதத்தில் என்னென்ன இருக்கிறது பாருங்கள். கட்டுரையைக் கடைசிவரை படித்திருக்கிறார். கையில் சரக்கு இருக்கிறது. ஒரு துண்டைக் காட்டியும் விட்டார். கேட்பது இருபது நிமிடம் மட்டுமே. ‘ஆம்’ என்று சொல்ல அந்தப் பக்கத்தில் யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம். தன்னைப் பற்றிய தகவல் கையெழுத்துக்குக் கீழே இரண்டு வரியில் வந்தால் போதும்.

பட்டம் விஷயத்தில் நாட்டுக்கு நாடு பழக்கம் மாறும். ஜெர்மனியில் முதல் கடிதத்தில் பேராசிரியர் பட்டத்தை விட்டுவிடாதீர்கள். நெதர்லாந்திலும் ஸ்வீடனிலும் இரண்டாம் கடிதத்திலேயே முதல் பெயரில் கையெழுத்துப் போட்டு அனுப்புவார்கள். அவர்கள் எப்படிக் கையெழுத்திடுகிறார்களோ அப்படியே அழைத்துவிடுங்கள். நமக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும்.

பதில் வரவில்லை என்றால் இரண்டு வாரம் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல். அதற்கும் வரவில்லை என்றால் அடுத்த ஆள். ஆகஸ்ட் மாதம் எழுதாதீர்கள், பாதி ஐரோப்பா விடுமுறையில் இருக்கும். கிறிஸ்துமஸ் முதல் ஜனவரி முதல் வாரம் வரையும் அப்படியே.

படி 5: ஒரு சின்ன வேலையை முடித்துக் காட்டுங்கள்

முதல் பேச்சிலேயே புரிந்துணர்வு ஒப்பந்தம் பற்றி எடுக்காதீர்கள். நம் கல்லூரிகளில் அது போட்டோ எடுத்துச் சுவரில் மாட்டும் காகிதமாகிவிட்டது. அங்கே அது சட்டப்பிரிவின் வழியாக மாதக்கணக்கில் நகரும். அதற்குப் பதில் மூன்று மாதத்தில் முடிகிற ஏதாவது ஒன்று: அவர்கள் முறையை உங்கள் தரவில் ஓட்டிப் பார்ப்பது, ஒரு சுவடியின் இரண்டு பிரதிகளில் பத்து பாடலை ஒப்பிடுவது, அவர்கள் குழுக்கூட்டத்தில் இணையவழி ஒரு பேச்சு.

நேரத்தைக் கவனியுங்கள். பாரிஸ், பெர்லின் நம்மைவிடக் கோடையில் மூன்றரை மணி நேரம் பின்தங்கியிருக்கும், குளிர்காலத்தில் நாலரை மணி நேரம். மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறு அன்று அவர்கள் கடிகாரத்தை மாற்றுவார்கள். அந்த வாரத்தில் ஒரு கூட்டமாவது குழம்பும். அவர்களுடைய காலை பத்து மணி நமக்குப் பிற்பகல் ஒன்றரை அல்லது இரண்டரை. ஆகவே சந்திப்பு வைக்கச் சிரமம் இல்லை. அமெரிக்காவோடு வேலை செய்கிறவர்கள் மாதிரி ராத்தூக்கம் கெட வேண்டியதில்லை.

ஆசிரியர் வரிசையை இப்போதே பேசிவிடுங்கள். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பெரிய பதிப்பகங்களோடு ஒப்பந்தம் வைத்திருக்கின்றன. இதழோடு கடிதத் தொடர்பு வைத்துக்கொள்ளும் தொடர்பு ஆசிரியர் அவர்கள் நிறுவனத்தைச் சேர்ந்தவராக இருந்தால், கட்டுரையை யாரும் இலவசமாகப் படிக்கவைப்பதற்கான திறந்த அணுக்கக் கட்டணத்தை அந்த ஒப்பந்தமே பார்த்துக்கொள்ளும். அந்தத் தொகை சில ஆயிரம் யூரோ வரை போகும், நம்மால் தர முடியாது. ஆனால் யூஜிசியின் 2018 விதிமுறைப்படி, இரண்டு பேருக்கு மேல் எழுதிய கட்டுரையில் முதல் ஆசிரியர் அல்லது தொடர்பு ஆசிரியருக்கு 70 சதவீத மதிப்பெண், மற்றவர்களுக்கு ஆளுக்கு 30 சதவீதம். ஆகவே தொடர்பு ஆசிரியர் பொறுப்பை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு முதல் ஆசிரியர் இடத்தைக் கேட்டு வாங்குங்கள். இரு தரப்புக்கும் நல்லது. காரணத்தைச் சொன்னால் யாரும் தப்பாக நினைப்பதில்லை.

படி 6: கம்பியைப் பயன்படுத்துங்கள்

ஆய்வுலகத்துக்கு என்றே தனி இணையப் பாதை ஒன்று இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 1986-இல் தொடங்கிய எர்நெட் என்ற இந்தியக் கல்வி ஆய்வு வலையமைப்பின் முதல் கூட்டாளிகளில் ஐஐடி மெட்ராஸும் ஒன்று. 2010-இல் ஒப்புதல் பெற்ற தேசிய அறிவு வலையமைப்பு, அதாவது என்.கே.என்., இன்று பல்கலைக்கழகங்களையும் ஆய்வு நிறுவனங்களையும் அதிவேகத்தில் இணைக்கிறது. ஐரோப்பாவில் இதே வேலையைச் செய்வது ஜியான்ட். இரண்டு கண்டத்துக்கும் இடையே 2000-இல் சியோலில் நடந்த ஆசிய-ஐரோப்பிய உச்சி மாநாட்டில் ஒரு திட்டம் பிறந்தது. அடுத்த ஆண்டே கொரியாவுக்கும் பிரான்சுக்கும் முதல் இணைப்பு போடப்பட்டது. டெய்ன் என்ற அந்த வலையமைப்பு பிறகு தெற்காசியாவுக்கும் நீண்டு, இந்தியாவும் அதில் சேர்ந்தது.

உங்களுக்கு இதனால் என்ன? மூன்று விஷயம். ஒன்று, உங்கள் வளாகம் என்.கே.என். இணைப்பில் இருந்தால் பெரிய தரவை அந்தப் பாதையில் அனுப்பலாம். கணினி மையத்தில் போய்க் கேளுங்கள். பல வளாகங்களில் இணைப்பு இருந்தும் உங்கள் லேப் வேறு பாதையில் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டு, எடுரோம். உங்கள் நிறுவனம் அதில் இருந்தால், இங்கே பயன்படுத்தும் அதே பயனர் பெயரிலும் கடவுச்சொல்லிலும் ஐரோப்பாவின் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் வைஃபை கிடைக்கும். ஐஐடி மெட்ராஸில் உண்டு. இந்தியாவில் இதைக் கவனிப்பது எர்நெட். இந்த அமைப்பை இங்கிருந்து கிளம்புமுன்பே ஃபோனில் போட்டுச் சோதித்துவிடுங்கள். அங்கே போய்ச் செய்ய முனைந்தால், அமைப்புக் கோப்பை இறக்குவதற்கே இணையம் இல்லாமல் நிற்பீர்கள். மூன்று, காந்திநகரில் உள்ள பல்கலைக்கழக நூலக வலையமைப்பு மையமான இன்ஃப்லிப்நெட் நடத்தும் இன்ஃபெட் கூட்டமைப்பு. அதில் இருக்கும் நிறுவனத்தவர் தங்கள் கல்லூரி அடையாளத்தைக் கொண்டே பல வெளிநாட்டு ஆய்வுத் தளங்களில் நுழையலாம்.

இதில் எதுவுமே உங்கள் கல்லூரியில் இல்லை என்றாலும் ஸெனோடோ இருக்கிறது. ஜெனீவாவின் துகள் இயற்பியல் ஆய்வகமான செர்ன் 2013 முதல் நடத்தும் இலவசக் களஞ்சியம். ஒரு பதிவுக்கு 50 ஜிபி வரை ஏற்றலாம், நிரந்தர அடையாள எண்ணும் கிடைக்கும். வாட்ஸப்பில் எக்ஸெல் அனுப்புவதைவிடக் கௌரவமாக இருக்கும்.

படி 7: இப்போது பணம்

ஐரோப்பிய ஒன்றியத்தின் ஹொரைசன் யூரோப் திட்டம் 2021 முதல் 2027 வரை, மொத்தம் 9,550 கோடி யூரோ. இந்திய நிறுவனங்கள் கூட்டாளியாகச் சேரலாம், ஆனால் பணம் தானாக வராது. சில அழைப்புகளுக்கு மட்டும் இங்குள்ள அறிவியல் தொழில்நுட்பத் துறையோ உயிரித் தொழில்நுட்பத் துறையோ இந்தியப் பங்கைத் தருவது உண்டு. அதனால் ‘கோடிக்கணக்கில் யூரோ இருக்கிறது’ என்ற செய்தியைப் படித்துக் கிளம்பிவிடாதீர்கள்.

தனியாளுக்கு உகந்தது மேரி க்யூரி நடவடிக்கைகள். எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். முனைவர் வலையமைப்பு என்பது இன்னும் முனைவர் பட்டம் வாங்காதவர்களுக்கு. மாணவர் உதவித்தொகையாக இல்லாமல் வேலைக்கு எடுத்துச் சம்பளமாகத் தருவார்கள். காலியிடங்கள் ஐரோப்பிய ஆய்வு வேலைகளுக்கான யூராக்ஸஸ் தளத்தில் வரும். போஸ்ட்டாக் ஃபெலோஷிப் பட்டம் வாங்கியவர்களுக்கு, பட்டத்துக்குப் பின் எட்டு ஆண்டு ஆய்வு அனுபவத்துக்குள் இருக்க வேண்டும். அழைப்பு பெரும்பாலும் செப்டம்பரில் முடியும். போகும் நாட்டில் கடந்த 36 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல் வசித்திருக்கக் கூடாது என்ற விதி ஒன்று உண்டு. சென்னையிலேயே இருந்தவர்களுக்கு அது பிரச்சினையே இல்லை. ஆனால் இந்த ஃபெலோஷிப்புக்கு அங்குள்ள மேற்பார்வையாளரும் நீங்களும் சேர்ந்து எழுத வேண்டும். ஐந்தாம் படியை முடித்தவர்களுக்கும் முடிக்காதவர்களுக்கும் இங்கேதான் வித்தியாசம் தெரியும். ஜூலையில் முகம் தெரியாத ஒருவருக்கு எழுதி செப்டம்பரில் சேர்ந்து விண்ணப்பம் போட முடியாது.

இரு நாட்டுத் திட்டங்களை நம்மவர்கள் ஏனோ குறைவாகவே கவனிக்கிறார்கள். பிரான்ஸ் என்றால் 1987 முதல் இயங்கும் இந்தோ-பிரெஞ்சு ஆய்வு மையமான செஃபிப்ரா. இந்தியர் ஒருவரும் பிரெஞ்சுக்காரர் ஒருவரும் சேர்ந்து விண்ணப்பிக்கும் ஆய்வுத் திட்டங்களும், முனைவர் மாணவர்கள் சில மாதம் அந்த நாட்டில் வேலை செய்ய ராமன்-ஷார்பாக் ஃபெலோஷிப்பும் அதில் உண்டு. ஜெர்மனி என்றால் அந்நாட்டுக் கல்விப் பரிமாற்ற அமைப்பான டி.ஏ.ஏ.டி.யின் ஆய்வு உதவிகள், போஸ்ட்டாக்குகளுக்கு ஹும்போல்ட் அறக்கட்டளை. கல்வி அமைச்சகம் 2018-இல் தொடங்கிய ஸ்பார்க் திட்டம் இந்தியத் தரப்பிலிருந்தே பணம் தரும். ஆனால் தரவரிசையில் முன்னணியில் உள்ள நிறுவனங்களுக்குத்தான். உங்கள் கல்லூரி அதில் வரவில்லை என்றால், வரும் நிறுவனம் ஒன்றின் ஆசிரியரோடு சேர்ந்து போடலாம்.

என் தேர்வைக் கேட்டால், முதல் பணம் சிறிதாகவே இருக்கட்டும். இரண்டு மூன்று மாதம் ஆள் போய்வர உதவும் தொகை. அதைச் சரியாகச் செலவழித்து, ஒரு கட்டுரையும் வந்துவிட்டால் பெரிய விண்ணப்பத்துக்கு அதுவே சாட்சி.

படி 8: காகிதங்கள்

பாதி பேர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

வெளிநாட்டுப் பணம் நிறுவனத்தின் கணக்குக்கு வருவதானால் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டமான எஃப்சிஆர்ஏ குறுக்கே வரும். அறக்கட்டளை நடத்தும் கல்லூரிக்கு அந்தப் பதிவு இருக்க வேண்டும். பணம் முதலில் டெல்லி ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் வரும். 2020 திருத்தத்துக்குப் பிறகு, பதிவு உள்ள இன்னொரு அமைப்பு வாங்கி உங்களுக்கு மாற்றிக்கொடுக்கவும் முடியாது. சட்டத்தின் மூலம் அமைக்கப்பட்டு, சிஏஜி தணிக்கைக்கு உட்பட்ட அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு விலக்கு உண்டு. தனிநபருக்கு வரும் உதவித்தொகையும் விலக்கில் வரும். பணம் வருமுன்பே கணக்குப் பிரிவில் பேசிவிடுங்கள். நான் அறிந்த ஒரு கல்லூரியில் பணம் வந்த பிறகு “சார், இந்த யூரோவை எந்த ஹெட்ல போடறது?” என்று கேட்டு ஒரு நிதியாண்டே ஓடிவிட்டது. திட்டத்தின் காலம் அதற்காகக் காத்திருக்கவில்லை.

செடி, நுண்ணுயிர், மீன், மண்ணிலிருந்து பிரித்தெடுத்த பாக்டீரியா எதையும் பார்சல் கட்டி அனுப்பிவிடாதீர்கள். 2002-ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டப்படி, வெளிநாட்டவர் இந்திய உயிரியல் வளத்தை எடுத்து ஆய்வு செய்ய அனுமதி வேண்டும். அரசு நெறிமுறைப்படி ஒப்புதல் பெற்ற கூட்டு ஆய்வுத் திட்டங்களுக்குத் தனி வழி இருக்கிறது. அனுமதி தரும் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் தலைமையகம் நம் தரமணியில், டைசெல் பயோ பார்க்கிலேயே இருக்கிறது. மற்ற ஊர்க்காரர்கள் கடிதம் எழுதிக் காத்திருப்பதை நீங்கள் நேரில் போய் விசாரித்துவிடலாம்.

சுவடிக்காரர்களுக்கு 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம். வரலாற்று, இலக்கிய மதிப்புள்ள கையெழுத்துப் பிரதி 75 ஆண்டுக்கு மேற்பட்டது என்றால் அது தொல்பொருள். நாட்டை விட்டு எடுத்துப் போகக் கூடாது. படம் எடுத்து அனுப்புவதே வழி. பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டம் இதற்குப் பணம் தருகிறது. மூலம் இருக்கும் நாட்டிலேயே இருக்க வேண்டும் என்பது அவர்கள் விதியும்கூட. எந்த நூலகத்துச் சுவடியோ அவர்களிடம் எழுத்து மூலமான சம்மதம் வாங்குங்கள். படங்களின் உரிமை யாருக்கு, எந்தத் தளத்தில் வெளியிடலாம் என்பதும் அந்தக் காகிதத்திலேயே இருக்கட்டும்.

ஆட்களிடம் பேட்டி எடுக்கும் ஆய்வுகளுக்கு, அந்தப் பக்கத்துக் கூட்டாளி 2018 முதல் நடைமுறையில் இருக்கும் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிக்குக் கட்டுப்பட்டவர். கண்ணகி நகரில் எடுத்த ஒலிப்பதிவு லண்டனிலோ லயோனிலோ ஒரு சர்வரில் ஏறப் போகிறது என்றால், பேட்டி கொடுத்தவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். சம்மதப் படிவத்தைத் தமிழில் தயாரியுங்கள். படித்துக் காட்டினால் புரிகிற தமிழாக இருக்க வேண்டும். கல்லூரி நெறிமுறைக் குழுவின் கடிதத்தைக் களத்துக்குப் போகுமுன் வாங்குங்கள். பின்தேதியிட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லும் நலம்விரும்பிகளை நம்ப வேண்டாம்.

படி 9: பயணம்

90 நாளுக்குள் என்றால் ஷெங்கன் விசா. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே போடலாம். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். அதற்கு மேல் தங்குவதானால் ஆய்வாளர் விசா. பெரும்பாலான ஒன்றிய நாடுகளில் இதற்கு அங்குள்ள நிறுவனம் கையெழுத்திட்ட வரவேற்பு ஒப்பந்தம் தேவை. அழைப்புக் கடிதம் வேறு, இது வேறு. பேராசிரியர் அனுப்பிய கடிதம் போதும் என்று நினைத்துக் கிளம்பினால் விசா மையத்தில் திருப்பி அனுப்புவார்கள். அங்குள்ள சர்வதேச அலுவலகத்திடம் இதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். அரசு, அரசு உதவி பெறும் கல்லூரி ஆசிரியர்களுக்குத் தடையின்மைச் சான்றும் விடுப்பு ஆணையும் வேண்டும். விசாவைவிட அதற்குத்தான் நாள் பிடிக்கும், முதலில் அதைப் போடுங்கள்.

மொழி கட்டாயமில்லை. ஆனால் நுங்கம்பாக்கத்தில் கோதே நிறுவனமும் அலியான்ஸ் பிரான்சேஸும் இருக்கும்போது முதல் நிலையையாவது முடித்துக்கொண்டு போவது நல்லது. ஆய்வகத்துக்குத் தேவைப்படாது. வீட்டு வாடகை ஒப்பந்தம் படிக்கும் அன்று தேவைப்படும்.

படி 10: அவர்களை இங்கே அழையுங்கள்

உறவு ஒருவழியாக இருந்தால் இரண்டு வருஷத்தில் ஓய்ந்துவிடும். அவர்களும் சென்னைக்கு வர வேண்டும். சுற்றுலா விசாவில் வந்து சுவடி நூலகத்திலோ களத்திலோ வேலை செய்வது விதிமீறல். அதற்கு ஆய்வு விசா தனியாக இருக்கிறது, மாநாட்டுக்கு மாநாட்டு விசா. மாநாட்டு விசாவுக்கு வெளியுறவு அமைச்சகம், உள்துறை அமைச்சகம் இரண்டின் அனுமதிக் கடிதங்களும் கேட்கப்படும். ஆகவே நான்கைந்து மாதம் முன்பே வேலையைத் தொடங்குங்கள்.

அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் பாதி வரை அழைக்காதீர்கள், மழையில் வேளச்சேரியைத் தாண்டுவதே சந்தேகம். டிசம்பர் பிற்பகுதியில் அவர்களுக்கு விடுமுறை, நமக்கு மார்கழிக் கச்சேரி. இசை பிடித்தவர்கள் தாங்களாகவே வருவார்கள். பொங்கல் வாரத்தில் நூலகங்கள் மூடியிருக்கும். பொங்கல் முடிந்து பிப்ரவரி கடைசி வரைக்கும்தான் சரியான காலம். வந்தவரை கல்லூரி விருந்தினர் மாளிகையில் தங்கவைத்தால், 24 மணி நேரத்துக்குள் அவர் வருகையை ஆன்லைனில் பதிவது மாளிகைப் பொறுப்பாளரின் கடமை. அவருக்கு இது தெரியுமா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். 180 நாளுக்கு மேற்பட்ட விசாவில் வருகிறவர் வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிந்துகொள்ள வேண்டும். அலுவலகம் ஹாடோஸ் சாலை சாஸ்திரி பவனில் இருக்கிறது, விண்ணப்பத்தை ஆன்லைனிலேயே போட்டுவிடலாம்.